ஆறு மில்லிமீற்றர்

ஏலத்தில் எடுத்தானாம் ஒரெஸ்ட் ஹ்னாட்யுக்.
ஐந்து தொன் இராணுவ ட்ரக்.
ஹீற்றர் இல்லை. இருக்கைக்கு அடியில்
யாரோ விட்டுப்போன ஒற்றைக் கையுறை.
"இருபதாயிரம் இறாத்தல் இழுக்கிற வின்ச் கிடக்கிறது,
அதைத் தாங்க ஒரு பம்பர் செய்து தா."
டோஃபினில் அன்று மைனஸ் முப்பத்தொன்று.
கராஜ் கதவு மூட முடியவில்லை,
மூக்கு உள்ளே, பின்பாதி பனியில்.

முதலில் இரும்பு இல்லை, அட்டை.
வோஷிங் மெஷின் வந்த பெட்டியைக் கிழித்து
வெட்டி, டேப் ஒட்டி
அதன் முகத்தில் வைத்துப் பார்த்தேன்.
பள்ளிக்கூட நாடகத்தில் அரக்கன் வேடம் கட்டிய
பொடியனைப்போல் நின்றது.
தனியே சிரித்தேன்.

அளவுநாடாவைப் பிடித்தபோதுதான் தெரிந்தது:
இடது சட்டம் வலதைவிட
ஆறு மில்லிமீற்றர் பின்வாங்கியிருக்கிறது.
மூன்றுதரம் அளந்தேன்.
எங்கோ எதிலோ இடித்திருக்கிறது.
மரமோ, மதிலோ.
மதிலென்றால் யாருடைய மதில்?
ஒரெஸ்டுக்குத் தெரியாது. ஏலக் கடதாசியில்
'உள்ளது உள்ளபடி' என்பதோடு சரி.

கிரைண்டரை வைத்தேன்.
பச்சை பறந்தது. அடியில் மணல் நிறம்.
அதற்கும் அடியில் இன்னொரு பச்சை.
அப்புறம் இரும்பு,
எந்தப் படைக்கும் சேராத சாம்பல்.

இப்படியொரு முகத்தை
என் கண் மட்டத்தில் நான் பார்த்ததில்லை.
பார்த்ததெல்லாம் கீழிருந்து,
வாய்க்காலுக்குள் குப்புறக் கிடந்து, பதினொரு வயதில்:
இரண்டு விளக்கு, ஒரு பம்பர்,
பிறகு எண்ணித் தீராத சில்லுகள்.
அது வேறு நாடு, வேறு கொம்பனி ட்ரக்.
இரும்புக்கு ஊர் தெரியாது என்று
எனக்கே சொல்லிக்கொண்டு
போல்ட் துளைகளைக் குறித்தேன்.

"சட்டத்தோடு சேர்த்து வெல்ட் பண்ணிவிடேன்,
ஒரு மணித்தியாலத்தில் முடிந்துவிடும்."
கூடாது என்றேன்.
அது ஒருமுறை தீயில் போட்டு இறுக்கின இரும்பு.
மறுபடி சூடு பட்டால்
பட்ட இடம் இளகும், பக்கத்து இடம் வெடிக்கும்.
துளைதான், போல்ட்தான், பக்கத்துக்கு எட்டு.
தோளைக் குலுக்கிவிட்டுக் கோப்பி போடப் போனான்.

மூன்று நாள் பிடித்தது.
அரை அங்குலத் தகடு, குளிரில் விறைத்தது,
சும்மா கேட்டால் வெல்டை ஏற்காது.
சுவாலையால் தடவித் தடவி
தொட்டால் கையுறைக்குள் உறைக்கும்வரை பொறுத்து,
மூலைக்கு மூலை புள்ளி வைத்து
இழுபடாமல் இடம் மாற்றி மாற்றி ஓட்டினேன்.
முகமூடிக்குள் உலகம் பச்சைக் குளம்,
நடுவில் ஒரு நெல்மணிச் சூரியன்,
அது போன வழியெல்லாம் மீன்செதில்.

ஆறு மில்லிமீற்றரை என்ன செய்வது?
இடது தாங்கியை அந்த அளவுக்கு நீட்டினால்
எவர் கண்ணுக்கும் தட்டாது.
நீட்டவில்லை.
இரண்டையும் சமமாக வெட்டி
இடைவெளியில் ஒரு துண்டுத் தகட்டைச் சொருகினேன்,
பெயின்ற் அடிக்காமல்.
துருப்பிடிக்கும். பிடிக்கட்டும்.

சனிக்கிழமை, நெடுஞ்சாலைப் பள்ளத்தில்
பால் லொறியொன்று சரிந்து கிடந்தது.
கேபிள் இறுகி முனகத் தொடங்கியபோது
ஒரெஸ்ட் லொறியைப் பார்த்தான்,
நான் என் வெல்டுகளைப் பார்த்தேன்,
மூச்சு விடாமல், ஒவ்வொன்றாக.
ஒன்றும் வாய் திறக்கவில்லை.
லொறி கறுத்த சேறும் பனியுமாய் மேலேறி வந்தது.
சாரதிப் பையன் இறங்கிவந்து
பம்பரைக் குதிரையின் நெற்றியைப்போல் தட்டிக் கொடுத்தான்.
எனக்கு ஏனோ வாய்க்கால் தண்ணீர்
முழங்கையில் பட்டது.

அப்போதுதான் வந்தாள் பொலிஸ்காரி.
ட்ரக்கை ஒருமுறை சுற்றி நடந்தாள்.
எல்லாம் நல்லாயிருக்கிறது, என்றாள்,
முன்னுக்கு நம்பர் பிளேட் எங்கே?

இத்தனை அளந்தும்
அதற்கு இடம் விட மறந்திருந்தேன்.
ஒரெஸ்ட் டாஷ்போர்டிலிருந்து எடுத்துக் காட்டி
என்னைப் பார்த்தான்.

திங்கள் கொண்டு வா, என்றேன்,
இரண்டு துளை போட்டுத் தாறேன்.